அம்சத்தின் இடது கை

மன்னார்குடியில் ஒரு விளையாட்டு மன்றம் வெள்ளிவிழா மலர் போட்டிருக்கிறது. அதில் என் படத்தைப் போட்டு, கீழே "சர்வதேச ஓட்ட வீராங்கனை கமலாம்பாள்" என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். பார்த்ததும் எரிச்சல்தான் வந்தது. இந்தியாவுக்காக நான் ஆயுளில் ஒரே ஒரு தடவை, நூறு மீட்டர், பன்னிரண்டு விநாடி ஓடியிருக்கிறேன். அந்தப் பன்னிரண்டாவது விநாடியில் என்ன செய்தேன் என்று மலர்க்குழுவுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

அம்சம் இரண்டு வெளிநாடுகளில் இந்தியப் பனியன் போட்டு ஓடியவள். மலரை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தேன். அவள் பேர் எங்கேயும் இல்லை. போன ஐப்பசியில் மஞ்சள் காமாலை முற்றி, குடவாசல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியில் செத்துப்போனாள். நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவளைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை என்பது எனக்கே தெரியும். ஆனால் எழுதத் தெரிந்தவர்களில் நடந்ததைப் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

குடவாசலுக்குக் கிழக்கே எங்கள் ஊர். அம்சத்தின் அப்பா காத்தான் எங்கள் பண்ணையாள். அம்மா ராசம்மாள் நடவுக்கும் களைக்கும் வருவாள். அவர்கள் குடிசையின் மூங்கிலும் கீற்றும் அவர்களுடையவை. அது நின்ற மனை எங்கள் அப்பா தியாகராசனுடையது. அப்போது அந்தத் தெருவில் எல்லாக் குடிசையும் அப்படித்தான். மனைக்காரர் போ என்றால் கீற்றைப் பிரித்து எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

எங்கள் வீட்டில் அவர்களுக்கு எதைக் கொடுத்தாலும் கொல்லைப்புறத்தில்தான் கொடுப்பது. அம்மா கதவைத் திறந்து "இந்தா" என்பாள். பேர் சொல்ல மாட்டாள். யாரைப் பார்க்கிறாளோ அவர்கள் நாலு எட்டு முன்னால் வந்து, இரண்டு கையையும் சேர்த்துக் குவித்து, தலையைக் குனிந்துகொண்டு நீட்ட வேண்டும். அம்மா ஒரு சாண் உயரத்திலிருந்து போடுவாள். கையில் கை பட்டுவிடக் கூடாது. பொங்கலுக்குக் கொடுக்கிற சீட்டித்துணியானாலும் சரி, காய்ச்சல்காரப் பிள்ளைக்கு ஒரு ரொட்டித் துண்டானாலும் சரி, மேலிருந்துதான் விழும். எனக்கு ஏழு வயதிலேயே அந்தச் சாண் கணக்குப் பழகிவிட்டது. அம்சத்துக்கு அதற்கும் முன்பே குவித்த கை பழகியிருக்கும். அவள் என்னைவிட ஒரு வயது இளையவள்.

என்னை மன்னார்குடியில் விடுதியில் சேர்த்துப் படிக்க வைத்தார்கள். அம்சம் குடவாசல் பள்ளிக்கூடத்துக்கு வரப்பு வழியாக நடந்து போனாள். நடந்தாள் என்று சொல்வது தவறு, ஓடினாள். அந்தப் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் மீரா உசேன் நாகப்பட்டினத்துக்காரர், வாய் ஓயாத மனுஷர். காலையில் மணி அடித்த பிறகு தெருமுனையில் தெரிந்த பெண், பெயர் கூப்பிட்டு முடிப்பதற்குள் வரிசையில் நிற்கிறாளே என்று பார்த்துவிட்டு, மறுநாளே கையில் கடிகாரத்தோடு நின்றாராம்.

தனி ஓட்டத்தில் அவளுக்குச் சொல்லித்தர அவரிடம் அதிகம் இல்லை. தொடர் ஓட்டம்தான் அவரைப் பாடாய்ப் படுத்தியது. பின்னாலிருந்து ஓடி வருகிறவள் பேட்டன் குச்சியை நீட்டினால், வாங்குகிறவள் திரும்பிப் பார்க்காமல் ஓடிக்கொண்டே ஒரு கையைப் பின்னால் விட வேண்டும். அம்சம் நின்று, திரும்பி, இரண்டு கையையும் குவித்து வாங்கினாள். எத்தனை தடவை சொன்னாலும் அதேதான். கடைசியில் மீரா உசேன் அவள் வலது கையை இடுப்போடு சேர்த்துத் துண்டால் கட்டிவிட்டார். மூன்று மாதம் சாயங்காலம் முழுக்க அப்படியே ஓடவிட்டார். அந்த மூன்று மாதத்தில் இடது கை தனியாக வாங்கக் கற்றுக்கொண்டது. ராசம்மாள் ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு, பெண்பிள்ளைக்குப் பீச்சாங்கையால் வாங்கப் பழக்குகிறாரே இந்த வாத்தியார், இது எங்கே போய்ப் பொழைக்கும் என்று தலையில் அடித்துக்கொண்டு போனாளாம்.

அந்த வருடம் மாவட்டப் போட்டியில் நான் ஆணி வைத்த சப்பாத்துப் போட்டுக்கொண்டு ஓடினேன். அம்சம் வெறுங்காலோடு என்னை நாலு அடியில் தோற்கடித்தாள். அப்பா காரில் வரும்போது, "தோத்தது போவட்டும். யார்கிட்ட தோத்தேன்னு வெளிய சொல்லிக்கிட்டுத் திரியாத" என்றார்.

கூலி உயர்வு கேட்டதற்காகக் குடிசையோடு ஆட்களைக் கொளுத்திய சேதி கீழ்ப்பக்கத்திலிருந்து வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. எங்கள் பக்கத்து மிராசுதாரர்கள் பேசுகிற பேச்சிலேயே ஒரு பயம் இருந்தது. பயம் இருக்கிற இடத்தில் முறைப்பும் இருக்கும். அப்பாவுக்கு அந்தப் பெண் ஜெயித்தது ஓட்டமாகத் தெரியவில்லை, செங்கொடிச் சங்கத்தின் இன்னொரு வேலையாகத் தெரிந்தது.

அவள் ஓட ஓட மேலே போனாள். எழுபத்திரண்டில் அகில இந்தியப் போட்டியில் நூறு மீட்டரில் இரண்டாமிடம். எழுபத்து மூன்றில் கொழும்பில் தொடர் ஓட்டத்தில் வெண்கலம். திரும்பி வந்ததும் குடவாசல் கடைத்தெருவில் மேடை போட்டு ஆளுங்கட்சிக்காரர்கள் பாராட்டு விழா நடத்தினார்கள். சோழநாட்டுப் பெண்புலி, பொன்னியின் வேகம் என்றெல்லாம் ஒருவர் முக்கால் மணி நேரம் அடுக்குமொழியில் முழங்கினார். வேலையும் வீடும் இதோ வந்துவிட்டது என்றார். பொன்னாடையை அவள் தோளில் போர்த்தாமல் கையில் கொடுத்தார். அம்சம் இரண்டு கையையும் குவித்து, தலை குனிந்து வாங்கிக்கொண்டாள். வேலையும் வீடும் மேடையை விட்டு இறங்கவே இல்லை.

அவளுக்கு வேலை எதற்கு வேண்டியிருந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். குடியிருக்கிற மனை குடியிருப்பவனுக்கே சொந்தம் என்று எழுபத்தொன்றில் சட்டம் வந்துவிட்டது. ஆனால் பட்டா வேண்டுமென்றால் காத்தான் அந்த மனையில்தான் குடியிருக்கிறார் என்று கணக்குப்பிள்ளை எழுதித் தர வேண்டும். கணக்குப்பிள்ளை தினமும் எங்கள் வீட்டில் காபி குடிக்கிறவர். எழுபத்து நாலில் அறுப்புக் கூலிக்காகச் சங்கம் வேலைநிறுத்தம் செய்தபோது, கொடி பிடித்தவர்களில் காத்தான் முன்வரிசையில் நின்றார். அப்பா வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து அறுத்து முடித்துவிட்டு, வருகிற தைக்குள் மனையைக் காலி பண்ணிவிடு என்று அவரிடம் சொன்னார். காத்தான் சண்டைக்கு நிற்கவில்லை. பொண்ணு வேலை ஆர்டர் வாங்கிக்கிட்டு வந்திரட்டுங்கய்யா, நாங்களே போயிடறோம் என்றார்.

அந்த ஆர்டர் சும்மா சொன்னதல்ல. ரயில்வேயில் ஒரு அதிகாரி அம்சத்திடம் சொல்லியிருந்தார். அந்த வருடக் கடைசியில் மலேசியாவில் ஒரு அழைப்புப் போட்டி. அதில் தொடர் ஓட்டத்தில் மெடல் வந்தால் நாலு பேருக்கும் நிரந்தர வேலை, கூடவே குவார்ட்டர்ஸ். அம்சம் மெடலைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. குவார்ட்டர்ஸில் எத்தனை அறை இருக்கும், கதவு மரமா தகரமா, அப்பா அம்மாவைக் கூட வைத்துக்கொள்ள விடுவார்களா, இதையெல்லாம்தான் கேட்பாள். எவனும் வந்து போ என்று சொல்ல முடியாத ஒரு வீடு அவளுக்கு வேண்டும். அதற்காக ஓடினாள்.

என்னையும் அந்தப் போட்டிக்கான பயிற்சி முகாமுக்கு எடுத்திருந்தார்கள். ஐந்தாவது ஆளாக; யாருக்காவது கால் பிசகினால் ஓட. பாட்டியாலாவில் அம்சத்துக்கும் எனக்கும் ஒரே அறை. முதல் இரண்டு நாள் அவள் கட்டிலில் படுக்கவில்லை, தரையில் படுத்தாள். மேலே படு என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மூன்றாம் நாள் ஜஸ்வந்த் என்கிற பஞ்சாபிப் பெண் வந்து, இதென்ன கூத்து என்று அவளைத் தூக்கிக் கட்டிலில் போட்டாள். அதற்குப் பிறகு அம்சம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிரித்தாள். எங்கள் பயிற்சியாளர் ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னும் கையை ஆட்டி, "நோ நெர்வஸ், நோ நெர்வஸ்" என்பார். அம்சம் அறைக்கு வந்து அதே மாதிரி கையை ஆட்டிச் செய்து காட்டுவாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்போம்.

ஊரில் அவள் என்னைப் பாப்பா என்பாள். முகாமில் மற்றவர்கள் எதிரில் அப்படிக் கூப்பிட முடியாமல், கூப்பிடுகிற பேர் எதுவும் இல்லாமலே பேசிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் கிணற்றடியில், "கமலா, சோப்பு தா" என்றுவிட்டு, தானே பயந்து என்னைப் பார்த்தாள். நான் கேட்காத மாதிரி சோப்பைச் சுவரில் வைத்தேன். நானும் அவளை ஒரு தடவைகூடப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கவில்லை. யோசித்துச் செய்ததல்ல; அவசியம் வந்ததில்லை என்றுதான் அன்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

எங்கள் அணியில் ஒரு வழக்கம் உண்டு. பேட்டன் கொடுக்கிறவள், வாங்குகிறவளின் பேரைச் சொல்லிக் கத்த வேண்டும். அதைக் கேட்டதும் கை பின்னால் வரும். மூன்றாவதாக ஜஸ்வந்த் ஓடுவாள், கடைசியில் அம்சம். "அம்சா!" என்று ஜஸ்வந்த் போடுகிற சத்தத்துக்கு அந்த இடது கை பின்னால் வந்து நிற்கும், பலகை மாதிரி. நூறு தடவை பார்த்திருக்கிறேன். ஒரு தடவை தப்பியதில்லை.

மலேசியாவில் இறுதி ஓட்டத்தன்று காலையில் ஜஸ்வந்துக்குத் தொடைச் சதை பிடித்துக்கொண்டது. மூன்றாவதாக நான் ஓட வேண்டியதாயிற்று. காலையில் இரண்டு தடவை மெதுவாக ஓடிப் பழகிப் பார்த்தோம். இரண்டு தடவையும் நான் பேர் சொல்லவில்லை, "ம்" என்றேன். மெதுவாக ஓடியதால் அதுவே போதுமாக இருந்தது. பயிற்சியாளர் கவனிக்கவில்லை. அம்சம் கவனித்திருப்பாள்.

ஓட்டம் ஆரம்பித்தபோது முதல் இரண்டு பேரும் நன்றாகவே ஓடினார்கள். என் கைக்குப் பேட்டன் வரும்போது நாங்கள் இரண்டாமிடம். வளைவில் நான் என் வாழ்நாளில் ஓடாத ஓட்டம் ஓடினேன். தரையில் போட்டிருந்த குறியை நான் தாண்டியதும் அம்சம் கிளம்பினாள். அவள் என்னைவிட வேகக்காரி. எங்களுக்கு இடையில் தூரம் குறையாமல் கூடுகிற மாதிரி தெரிந்தது. கைமாற்ற வேண்டிய எல்லைக் கோட்டைத் தாண்டிவிடுவாள், வாங்காமலே போய்விடுவாள் என்று பட்டது. வாயைத் திறந்தேன்.

"இந்தா!"

அம்மாவின் குரல் அது, கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு வருகிற குரல். பின்புறமாக நீண்டுகொண்டிருந்த அம்சத்தின் இடது கை பாதியில் நின்றது. அவள் நின்றாள், திரும்பினாள், தலையைக் குனிந்து இரண்டு கையையும் சேர்த்துக் குவித்து நீட்டினாள். அப்போதுகூட ஒன்றும் கெட்டுப்போகவில்லை. அழுத்திக் கையில் வைத்திருந்தால் வாங்கிக்கொண்டு பறந்திருப்பாள். நான் ஒரு சாண் உயரத்திலிருந்து போட்டேன். அவள் கையில் என் கை படவில்லை. பேட்டன் அவள் விரலில் பட்டுத் துள்ளி, கரித்தூள் பாதையில் உருண்டு போனது.

அவள் குனிந்து எடுத்துக்கொண்டு ஓடினாள். எல்லோருக்கும் பின்னாலிருந்து ஓடி, கடைசிக் கோட்டில் ஒருத்தியை ஏறக்குறையப் பிடித்துவிட்டாள். பிடித்திருந்தாலும் பிரயோஜனம் இல்லை.

சாயங்காலம் அணி மேலாளர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு விசாரித்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. அம்சத்துக்கு இங்கிலீஷ் பேச வராது. நான் நடுவில் நின்று மொழிபெயர்த்தேன். ஏன் திரும்பினாய் என்று கேட்டார். அம்சம் அவரைப் பார்த்துத்தான் சொன்னாள், மெதுவாக: "இவங்க வீட்டுல கூப்புடுற மாதிரி கூப்டாங்க. திரும்பிட்டேன்."

நான் இங்கிலீஷில் சொன்னேன்: "நெர்வஸ் சார். ஷி காட் நெர்வஸ்."

அம்சம் ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தாள். மேலாளர் எழுதிக்கொண்டார். கடைசி ஓட்டக்காரியின் பதற்றத்தாலும் கவனக்குறைவாலும் பதக்கம் போயிற்று என்று அறிக்கை போனது. அவளுக்கு ரயில்வே வேலை இல்லை என்றாகிவிட்டது. எனக்கு, இந்தியாவுக்கு ஓடியதாகச் சான்றிதழ் இருந்ததால், அடுத்த மாதமே பேங்கில் வேலை கிடைத்தது. அப்பா யாரையோ பார்த்தார் என்பதும் உண்மை.

தை பிறந்தது. எங்கள் ஆட்கள் போய்க் காத்தான் குடிசையின் கீற்றைப் பிரித்தார்கள். நான் அப்போது தஞ்சாவூரில் பேங்க் டிரெயினிங்கில் இருந்தேன். கடிதத்தில் அம்மா இதை மாடு கன்று போட்ட சேதிக்கு அடுத்த வரியில் எழுதியிருந்தாள். காத்தானும் ராசம்மாளும் ஆற்றுக்கரைப் புறம்போக்கில் குச்சு கட்டிக்கொண்டார்கள். அம்சம் சான்றிதழ்களை ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டு ஜமாபந்தியில் தாசில்தாரிடம் மனு கொடுத்தாள். அவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, இதெல்லாம் சரிம்மா, மனையில் குடியிருந்ததற்கு அத்தாட்சி எங்கே என்று கேட்டாராம். இன்னும் ஒரு வருடம் ஓடிப் பார்த்தாள். அறிக்கை அவளுக்கு முன்னால் போய் நின்றது. எந்த முகாமுக்கும் அழைப்பு வரவில்லை. எழுபத்தாறில் ஆட்சி கலைந்தது, அடுத்த வருடம் வேறு கட்சி வந்தது. கரைவேட்டியின் கரை மாறியது, கணக்குப்பிள்ளை மாறவில்லை. சங்கத்தில் இருந்த சாமிதுரையை அம்சம் கட்டிக்கொண்டாள். ஒரு பெண் குழந்தை. ராசம்மாள் நட்ட வயல்களில் அம்சம் நட ஆரம்பித்தாள்.

எண்பத்தாறில் அப்பா இறந்து, நிலம் விற்கிற விஷயமாக நான் ஊருக்குப் போனேன். கையில் ஒரு விண்ணப்பம் இருந்தது. நொடித்துப்போன முன்னாள் வீரர்களுக்கு மாத உதவித்தொகை கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு எழுதிக் கேட்டிருந்தேன். அம்சத்தின் பேரில் அந்தப் பழைய அறிக்கை இருக்கிறது, கூட ஓடியவர் யாராவது தவறு அவளுடையதல்ல என்று எழுதித் தந்தால் பார்க்கலாம் என்று பதில் வந்தது. நான் எழுதினேன். பன்னிரண்டு வருடம் கழித்து, இரண்டு பக்கம். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டு அவள்தான் அனுப்ப வேண்டும்.

கும்பகோணத்தில் பஸ் ஏறியதிலிருந்து அவள் பேரை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். சிரிக்காதீர்கள். முப்பத்து மூன்று வயதில், பேங்கில் அதிகாரியாக இருக்கிறவள், ஒரு பேரைச் சொல்லப் பழகிக்கொண்டு போனேன்.

சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. பத்துப் பெண்கள் வரிசையாகக் குனிந்து, நட்டுக்கொண்டே பின்னால் நகர்ந்து வந்தார்கள். கடைசியில் இருந்தவள் அம்சம். கால் கரண்டையைப் பார்த்து அடையாளம் கண்டுகொண்டேன். வரப்பில் நின்று "அம்சம்" என்றேன். எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

அவள் ஓரமாக வந்தாள், சேற்றை விட்டு ஏறவில்லை. வாங்க பாப்பா, ஐயா காரியத்துக்கு வர முடியல, கோவிச்சுக்காதீங்க என்றாள். நான் காகிதத்தை நீட்டினேன். கை பூரா சேறு, வரப்புல வைங்க என்றாள். வைத்தேன். என்ன காகிதம் என்று அவள் கேட்கவில்லை. நானே சொன்னேன். அன்றைக்கு மேலாளரிடம் நான் மாற்றிச் சொன்னதை, அவள் சொன்னதைச் சொல்லவே இல்லை என்பதை, மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். எனக்கு அழுகை வந்தது. அவளுக்கு வரவில்லை.

"தெரியும்" என்றாள். "நெர்வஸ்னு சொன்னீங்க. அந்த ஒரு வார்த்த எனக்குத் தெரியாதா?"

எனக்கு அறையில் அவள் செய்து காட்டிய அந்தக் கையாட்டல் ஞாபகம் வந்தது. தெரிந்துமா சும்மா நின்றாய், இல்லை என்று தலையையாவது ஆட்டியிருக்கலாமே என்று கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது.

"ஆட்டியிருக்கலாம். மெடலுதான் போயிருச்சே. அப்பாவ தைக்குள்ள போவச் சொல்லியிருந்தாங்க. நான் உங்கள விட்டுக் குடுக்காம இருந்தா, நீங்க ஐயாகிட்ட எங்களுக்காக ஒரு வார்த்த சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. போன வருடம் மழை இல்லை என்று சொல்வதைப் போலத்தான் சொன்னாள். பிறகு, வரிசை தன்னை விட்டுவிட்டுப் போவதைப் பார்த்து, வர்றேங்க என்று திரும்பிப் போனாள். அவள் விட்ட இடம் மட்டும் நடாமல் சதுரமாகக் கிடந்தது. அங்கே போய்க் குனிந்து, மற்றவர்களைப் பிடிக்க வேகவேகமாக நட்டாள். அவ்வளவு வேகமாக அங்கே யாரும் நடவில்லை.

காகிதம் காற்றில் போய்விடாமல் அதன்மேல் ஒரு மண்கட்டியை வைத்துவிட்டு வந்தேன். அதை அவள் எடுத்தாளா என்று எனக்குத் தெரியாது. அவள் பேரில் விண்ணப்பம் எதுவும் வரவில்லை என்று உதவித்தொகை ஆபீசிலிருந்து அடுத்த வருடம் எழுதினார்கள்.